கையெழுத்துக்கு முன்னே ஒரு கணக்கு

எங்கள் ஊர் வங்கிக் கிளைக்குள் நுழைந்ததும் வலது பக்கம் ஒரு சாய்வு மேஜை இருக்கும். நூல் கட்டிய பேனா ஒன்று அதில் தொங்கும், பெரும்பாலும் எழுதாது. சட்டைப் பையில் பேனாவோடு அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றால், ஐந்து நிமிடத்துக்குள் யாராவது ஒரு பெண் பாஸ்புக்கை நீட்டுவார். “தம்பி, இந்தச் சலானைக் கொஞ்சம் எழுதித் தாப்பா.”

பல ஆண்டுகளாக எழுதிக் கொடுத்துவருகிறேன். அடிக்கடி வருபவர்களில் ஒருவர், பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா. எட்டாவது வரை படித்தவர், தமிழ் நாளிதழை எழுத்து விடாமல் வாசிப்பவர். ஐந்து பேர் ஒரே நேரத்தில் சாப்பிட்டு எழுந்தாலும் யார் எத்தனை இட்லி, யாருக்கு ஆம்லெட், யாருடைய பழைய பாக்கி எவ்வளவு என்று விரல்கூட மடக்காமல் சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் அந்தச் சின்னத் தாளைப் பார்த்ததும் தயங்கி நிற்கிறார். கடைக்கு இருசக்கர வாகனம் வாங்க எழுதிக் கொடுத்த கடன் பத்திரத்திலோ பதினைந்து இடங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். காட்டிய இடத்தில் எல்லாம் போட்டாராம். “படிச்சுப் பாத்தியாக்கா?” என்று கேட்டேன். “அதெல்லாம் இங்கிலீசுல இருந்துச்சு. அவங்க அவசரப்பட்டாங்க” என்றார்.

சம்பாதிக்கத் தெரிந்தவருக்கும் பணத்தின் மேல் உரிமை உள்ளவருக்கும் நடுவே ஒரு காகிதம் நிற்கிறது. அந்தக் காகிதத்தைப் படிக்கவும் அதிலுள்ள எண்ணைச் சரிபார்க்கவும் தெரிவதுதான் ஒருவரைச் சொந்தக் காலில் நிறுத்துகிறது. வருமானம் அதற்கு வேண்டும். வருமானம் மட்டும் போதாது. நம் வீடுகளில் இந்த அறிவு எப்போதும் ஒரே ஆளிடம், பெரும்பாலும் வீட்டு ஆண் ஒருவரிடம், பீரோச் சாவியைப் போலத் தங்கியிருக்கிறது.

2023 செப்டம்பர் 15 முதல் தமிழ்நாட்டில் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வருகிறது. ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் ஏடிஎம் வரிசையில் நின்று பாருங்கள். அம்மாவின் அட்டை மகனின் பர்ஸில் இருக்கிறது. ரகசிய எண் அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அவன் நல்ல பிள்ளைதான், பணத்தை எடுத்து அவளிடமே கொடுக்கிறான். இருந்தாலும் அவளுடைய உரிமை அவனுடைய நல்ல குணத்தை நம்பித்தான் நிற்கிறது.

இதை மாற்ற முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தார். சைக்கிளுக்கும் எழுத்துக்கும் என்ன தொடர்பு என்று அப்போது கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். தொடர்பை அந்தப் பெண்களே காட்டினார்கள். விவசாயக் கூலிகளும் கல்குவாரித் தொழிலாளிகளும் அங்கன்வாடி ஊழியர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். தண்ணீர் எடுக்க, பொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக, கூட்டத்துக்குப் போய்வர, கணவனுக்காகவோ பேருந்துக்காகவோ காத்திருக்கும் நிலை போனது. அதே காலத்தில் அந்த மாவட்டத்தில் குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். அன்றைக்குச் சைக்கிள் எதுவாக இருந்ததோ, இன்றைக்குப் பணக் கணக்கு அதுவாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வட்டியிலிருந்து தொடங்குவோம். நம் மக்களுக்கு வட்டி தெரியாது என்பது பொய். “நூத்துக்கு ரெண்டு” என்றால் மாதத்துக்கு நூறு ரூபாய்க்கு இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 விழுக்காடு என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். “பத்து வட்டி” என்றால் முகம் சுளிப்பார்கள். ஒரு காலத்தில் நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்து, 320-ல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும் பின்னக் கணக்குப் போட்டார்கள். நெல்லை அளக்கவும் கூலியைப் பிரிக்கவும் அந்தக் கணக்கு உதவியது. சிக்கல் எங்கே என்றால், இன்று கடன் கொடுப்பவர் வேறொரு மொழியில் வட்டியைச் சொல்கிறார். அந்த மொழியை நம் பேச்சுக்குப் பெயர்த்துச் சொல்ல ஆள் இல்லை.

இட்லிக் கடை அக்கா வாங்கும் தண்டலையே எடுத்துக்கொள்வோம். கடன் பத்தாயிரம். கையில் தருவது ஒன்பதாயிரம். தினமும் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். “ஆயிரம்தானே போகுது, பத்துப் பர்சன்ட்” என்பார் அக்கா. நூறு நாளும் அந்த ஒன்பதாயிரம் அவர் கையில் இருப்பதில்லையே! முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறார். ஐம்பதாவது நாளில் பாதிக்குப் பாதி போய்விட்டது. சராசரியாகப் பார்த்தால் நாலாயிரத்து ஐந்நூறு சொச்சம்தான் அவர் கையில் இருந்த கடன். அதற்கு மூன்று மாதம் பத்து நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நம் பேச்சில் சொன்னால் ஆறு வட்டிக்கு மேல். இதை ஒரு நாள் இட்லித் தட்டு கழுவும் இடத்தில் உட்கார்ந்து கரித்துண்டால் தரையில் போட்டுக் காட்டினேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. “ஆறு வட்டின்னு சொல்லியிருந்தா நான் வாங்கியிருக்கவே மாட்டேனே” என்றார் பிறகு.

வண்டிக் கடனிலும் இதே கண்கட்டுதான், உடை மட்டும் கொஞ்சம் நாகரிகமானது. ஒரு லட்சம் கடன், ‘ஃபிளாட் ரேட்’ 12 சதவீதம், ஒரு வருடம். வட்டி 12,000, மாதத் தவணை 9,333 ரூபாய். கணக்கு நேராகத்தான் தெரிகிறது. மாதாமாதம் அசலும் சேர்ந்து குறைகிறது, வட்டியோ கடைசித் தவணை வரை முழு ஒரு லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறைந்துவரும் நிலுவைக்கு மட்டும் 12 சதவீதம் போட்டால் தவணை 8,885 ரூபாய், மொத்த வட்டி 6,600 ரூபாய் சொச்சம்தான் வரும். ஃபிளாட் 12 என்பது உண்மையில் 21½ சதவீதத்துக்குச் சமம். ஆகவே கடன் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எத்தனை சதவீதம்?” என்பது கிடையாது. “ஃபிளாட்டா, குறைகிற நிலுவைக்கா?” என்பதுதான். இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் குரல் மாறும். நானே பார்த்திருக்கிறேன்.

சட்டமும் நம் பக்கம்தான் இருக்கிறது, நமக்குத்தான் தெரிவதில்லை. 2024 அக்டோபர் முதல், தனிநபருக்குக் கடன் தரும் வங்கியும் நிதி நிறுவனமும், கடனின் முக்கிய விவரங்களை ஒரே தாளில் தொகுத்துத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வட்டி, கட்டணங்கள், காப்பீட்டுப் பிடித்தம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை அதில் காட்ட வேண்டும். அந்தத் தாள் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றும் விதி சொல்கிறது. தமிழில் கேட்பது நம் உரிமை. வாரக் கடனுக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கும் வசூல்காரர்களைப் பற்றியும் விதி உண்டு: நுண்கடன் வாங்கியவரைக் காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை ஆறு மணிக்குப் பின்போ தொந்தரவு செய்யக் கூடாது. குழுக்கடன் வாங்கிய எத்தனை பெண்களுக்கு இது தெரியும்? இரவு எட்டு மணிக்குத் தெருவே பார்க்க அவமானப்பட்டு நின்றவர்களை நான் அறிவேன். அடகு நகை ஏலத்துக்குப் போனால், கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சும் தொகை நகையின் சொந்தக்காரருக்குத்தான் சேர வேண்டும். அதைக் கேட்டுப் போனவர்கள் மிகச் சிலர். ஏலத்தோடு கதை முடிந்தது என்று தாலிக்கொடியையே மறந்தவர்கள்தான் அதிகம்.

சீட்டைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டுப் பணக் கணக்கு முடியாது. ஏலச்சீட்டை ஏளனம் செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வங்கி கதவைத் திறக்காத காலத்தில் நம் பெண்கள் தங்களுக்குள் கட்டிக்கொண்ட வங்கி அது. எவ்வளவு தள்ளி எடுத்தார்கள், கசர் எவ்வளவு வந்தது, எந்த மாதம் எடுத்தால் லாபம் என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் வணிகவியல் பட்டதாரிக்கும் தலை சுற்றும். ஆனால் சீட்டுப் பிடிப்பவர் 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்பதை ‘நம்பிக்கைக் குறைவு’ என்று நினைக்கிறோம். கேட்டால் முகம் கோணுகிறவரிடம் சீட்டுப் போடக் கூடாது. இதே தயக்கம்தான் 2012-இல் பெருந்துறைப் பக்கத்து ஈமு பண்ணைகளில் எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பைக் கொண்டுபோனது. கோழியை வளர்த்தால் மாதாமாதம் பணம் என்றார்கள். அந்தக் கோழிக் கறியை யார் வாங்குகிறார்கள், எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்டவர்கள் தப்பித்தார்கள். தருவதாகச் சொல்லும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எளிய தமிழில் பதில் வராத எந்தத் திட்டத்திலும், சொந்தத் தம்பியே கூப்பிட்டாலும் சேரக் கூடாது.

இனி நான் சொல்லப்போவது என் வீட்டுக் கதை. மாமா திடீரென்று காலமானபோது அவருக்கு வயது 53. எல்லாக் கணக்கும் அவர் தலைக்குள் இருந்தது. அத்தைக்குத் தெரிந்ததெல்லாம் அவர் பணம் கொடுக்கும் தேதி மட்டும். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மூன்று பாஸ்புக், மஞ்சள் பிடித்த ஒரு வைப்புத்தொகை ரசீது, யாருக்கோ கொடுத்த கடனுக்கு ஒரு புரோநோட்டு. அத்தை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார், ஏதோ தவறு செய்தவரைப் போல. பாஸ்புக்கை வரிவரியாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் 436 ரூபாய் பிடித்திருந்தது கண்ணில் பட்டது. பக்கத்தில் சில ஆங்கில எழுத்துகள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான பிடித்தம். வருடம் 436 ரூபாய் கட்டினால், 55 வயதுக்குள் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு இரண்டு லட்சம் கிடைக்கும். எப்போதோ வங்கியில் நீட்டிய படிவத்தில் மாமா கையெழுத்துப் போட்டிருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை, அவருக்கே நினைவு இருந்ததோ என்னவோ. அந்த வரியை நாங்கள் கவனிக்காமல் விட்டிருந்தால் அந்தப் பணத்தைக் கேட்க யாரும் போயிருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டு பாஸ்புக்கை இன்று மாலை எடுத்துப் பாருங்கள். 436 இருக்கிறதா? 20 ரூபாய்ப் பிடித்தம் இருக்கிறதா? 20 என்றால் விபத்துக் காப்பீடு. அதற்கும் இரண்டு லட்சம். இருப்பது யாருக்கெல்லாம் தெரியும் என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

வைப்புத்தொகை ரசீதில் நாமினி பெயர் இல்லை. அதனால் வாரிசுச் சான்றிதழுக்குத் தாசில்தார் அலுவலகம், உறுதிமொழிப் பத்திரம், ஜாமீன் கையெழுத்து என்று ஏழு மாதம் அலைந்தோம். நாமினி பற்றியே ஊரில் தவறான எண்ணம் ஒன்று இருக்கிறது. வங்கிக் கணக்கில் நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பணம் சட்டப்படியான வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. உச்ச நீதிமன்றம் 2010-இல் வங்கிக் கணக்கு வழக்கிலும் 2023-இல் பங்குகள் தொடர்பான வழக்கிலும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். பத்து ஆண்டுகள் யாரும் தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும்; அதற்குப் பிறகும் வாரிசுகள் கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் யார் பணம் கிடக்கிறது என்று தேடுவதற்கு 2023-இல் ‘உத்கம்’ என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. இருந்தும், கணவர் உயிரோடு இருக்கும்போது “உங்க கணக்குல நாமினி யாரு?” என்று கேட்கும் மனைவியை நாம் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறோம். “இப்பவே என் சாவுக்குக் கணக்குப் பாக்குறியா?” என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ பெண்களின் வாயை அடைத்திருக்கிறது. அத்தையின் வாயையும் அடைத்தது என்று பிறகு அவரே சொன்னார்.

பணத்தைவிடக் கனமான காகிதம் நிலத்தினுடையது. 1989-இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை தந்தது. அதற்கு முன்பே மணமானவர்கள் அதில் விடுபட்டார்கள். 2005-இல் நாடு முழுவதற்குமான திருத்தம் அந்தக் குறையையும் நீக்கியது. 2020-இல் உச்ச நீதிமன்றம், 2005-இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று சொல்லிவிட்டது. சட்டம் இவ்வளவு தூரம் வந்த பிறகும் சார்பதிவாளர் அலுவலகங்களில் நாள்தோறும் ஒரு காட்சி நடக்கிறது. அண்ணன் தம்பிகள் காரில் கூட்டிவருவார்கள்; புதுச்சேலை, மதியச் சாப்பாடு, திரும்பிப் போகும்போது பேருக்கு ஒரு தொகை. சகோதரி தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுவார். அந்தப் பத்திரத்துக்கு நம் பதிவுத் துறை வழக்கில் ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர். அன்போடு விட்டுக்கொடுப்பது அவரவர் விருப்பம். அதில் நான் தலையிட மாட்டேன். தன் பங்கு எத்தனை சென்ட், அதன் இன்றைய வழிகாட்டி மதிப்பு என்ன என்று தெரிந்த பிறகு விட்டுக்கொடுக்கட்டும். வழிகாட்டி மதிப்பையும் வில்லங்க விவரத்தையும் பட்டாவையும் வீட்டில் உட்கார்ந்தபடியே கைபேசியில் பார்க்கலாம். அது தெரியாமல் போடும் கையெழுத்தில் பாசம் எவ்வளவு, இருட்டு எவ்வளவு என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கணக்குத் தெரியாததால்தான் ஏழைகள் ஏழைகளாக இருக்கிறார்கள் என்று பேசுகிறவர்களின் கூட்டத்தில் நான் இல்லை. கூலி குறைவாக இருப்பதும், மருத்துவச் செலவு ஒரே வாரத்தில் ஐந்து வருடச் சேமிப்பைத் தின்பதும் வட்டிக் கணக்கால் தீராது. காலை நான்கு மணிக்கு அரிசி மூட்டைக்குப் பணம் வேண்டும் என்றால், ஆறு வட்டி என்று தெரிந்தேகூட அக்கா தண்டல் வாங்குவார். வேறு யார் அந்நேரத்தில் தருவார்கள்? அவருக்குச் சிறு கடன் எளிதாகக் கிடைக்கச் செய்வது அரசின், வங்கிகளின் பொறுப்பு. அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்க ‘நிதி விழிப்புணர்வு முகாம்’ ஒரு சாக்காக ஆகிவிடக் கூடாது. ஆனால், தெரிந்து வாங்குபவர் ஐந்து தண்டலில் இரண்டைத் தவிர்ப்பார், அடுத்த முறை பேரம் பேசுவார். இதையும் நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

கற்றுக்கொடுக்கப் புதிதாகக் கட்டடம் எதுவும் வேண்டாம். 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று எல்லாக் கிராமத்திலும் இருக்கின்றன. மாதக் கூட்டத்தில் தவணை வசூலித்த பிறகு அரைமணி நேரம் போதும். ஒரு மாதம் யாராவது ஒருவரின் உண்மையான கடன் அட்டையை எடுத்துவைத்து வட்டியைப் பிரித்துப் பார்க்கலாம். அடுத்த மாதம் பாஸ்புக், அதற்கடுத்த மாதம் பட்டா. பள்ளியில் எட்டாம் வகுப்பு வரும்போது பிள்ளைகள் தனிவட்டியும் கூட்டுவட்டியும் படித்துவிடுகிறார்கள். அந்தப் பாடம் முடிந்ததும், “உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு தவணைச் சீட்டை அம்மாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டு வாருங்கள்” என்று ஓர் ஆசிரியர் சொன்னால், ஒரே இரவில் முப்பது வீடுகளில் பாடம் நடக்கும். வங்கிகள் செய்ய வேண்டியது இன்னும் எளிது: எல்லாப் படிவங்களையும் தமிழில் வையுங்கள், அதைப் படிக்க ஒரு நாற்காலியும் போடுங்கள். புகாருக்கு முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம் என்பதை வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.

போன மாதம் அக்கா வங்கிக்கு வந்தபோது, சலானை அவர் கையிலேயே கொடுத்து, “நீயே எழுதுக்கா, நான் பக்கத்துல நிக்கிறேன்” என்றேன். தேதி போட்டார். கணக்கு எண்ணைப் பாஸ்புக்கைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக எழுதினார். நடுவில் ஒருமுறை நிறுத்தி எண்ணிச் சரிபார்த்தார். தொகையை எண்ணால் எழுதிவிட்டு, எழுத்தால் ‘ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்’ என்று எழுதி என்னைப் பார்த்தார். “கடைசில ‘மட்டும்’னு போடுக்கா” என்றேன். “அது எதுக்கு?” என்றார். தொகைக்குப் பின்னால் வேறு யாரும் எதையும் சேர்த்து எழுதிவிடாமல் இருக்கத்தான் என்றேன். கொஞ்ச நேரம் அந்தச் சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ‘மட்டும்’ என்று எழுதி, மிச்சம் இருந்த இடத்தில் ஓரம் வரைக்கும் ஒரு கோட்டை அழுத்தி இழுத்துவிட்டு வரிசையில் போய் நின்றார். பின்னால் நின்ற ஒரு பாட்டி, தன் சலானை என்னிடம் நீட்டாமல் அக்காவிடம் நீட்டினார்.